ஆள் வாசனை

அவளுக்கு மூக்கி என்று பெயர் வைத்தது அவள் கணவன்தான். கல்யாணமான புதிதில், அவன் வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னிக்கு ஆஸ்பத்திரி லிஃப்டா?" என்று அடுப்படியிலிருந்தே கேட்பாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் வேலை பார்த்தான் என்பதை அவன் சட்டை அவளுக்குச் சொல்லிவிடும். "உன்னைக் கட்டிக்கிட்டு ஒரு சின்னப் பொய்கூட சொல்ல முடியலையே மூக்கி" என்று அவன் அலுத்துக்கொண்டான். அந்தப் பெயர் தெருவுக்குப் போய், தெருவிலிருந்து ஊருக்குப் போய், கடைசியில் வீட்டுத் தரகர்களின் போனிலும் 'மூக்கி அக்கா' என்றே பதிந்துவிட்டது.

அவள் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் வாசனை கலக்கும் பிரிவில் இருந்தவள். அங்கிருந்து விலகி, வீடுகளுக்கு வாசனை வைக்கும் வேலையைத் தனியாக ஆரம்பித்தாள். முதலில் விற்பனைக்கு நிற்கும் காலி வீடுகள். பார்க்க ஆள் வருமுன் போய் அடுப்பில் கொஞ்சம் காப்பித்தூளை வறுப்பாள். படுக்கையறையில் வெயிலில் காய்ந்த துணியின் வாசனையைத் தெளிப்பாள். வந்தவர்கள் ஏனென்று தெரியாமலே அந்த வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். பிறகு குடியிருக்கும் வீடுகளிலிருந்தும் கூப்பிட்டார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையின் அறைக்கு எலுமிச்சைத் தோலும் புதினாவும் வைத்தாள். மாமியாரும் மருமகளும் முறைத்துக்கொள்ளும் கூடத்துக்கு லாவண்டர். "நான் மந்திரவாதி இல்லீங்க" என்பாள். "கண்ணு பார்த்ததை மனசு நம்பலாம், நம்பாமலும் போகலாம். மூக்கு சொன்னா கேள்வி கேட்காம நம்பிடும். அவ்வளவுதான் என் தொழில்."

ஒன்று மட்டும் அவள் செய்வதில்லை. ஆள் வாசனை. பூ கேளுங்கள், பழம் கேளுங்கள், மழை விழுந்த மண்ணைக் கேளுங்கள், செய்து தருவாள். இறந்துபோன அப்பாவின் சட்டை வாசனை வேண்டும் என்று கேட்டவர்களை மட்டும் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துப் பேசி அனுப்பிவிடுவாள். அது தப்பு என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஏதோ பயம்.

அந்தப் பயத்தைக் கலைத்தவர் மூக்குக்கண்ணாடி விற்கும் ஒரு கடைக்காரர். மெதுவாகப் பேசுகிறவர். எதிரே இருப்பவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்ட பிறகுதான் தான் உட்காருவார். தன் வீட்டைப் பார்க்க வரச்சொன்னார். நல்ல காற்றோட்டமான மாடி வீடு. கீழே கூடமும் அடுப்படியும், மேலே படுக்கையறையும் ஒரு தையல் அறையும். தையல் மெஷின் மேல் உறை போட்டிருந்தது. அதன் முன்னால் இருந்த நாற்காலியில் வெள்ளைப் பூனை ஒன்று படுத்திருந்தது.

"இது என் மனைவி உட்கார்ற நாற்காலி" என்றார் கண்ணாடிக்காரர். "போன வருஷம் போயிட்டா."

மூக்கி தலையைக் குனிந்துகொண்டாள். "அடடா. என்ன வயசு அவங்களுக்கு?"

"உங்க வயசுதான் இருக்கும். அன்னிக்கு நான் கடையில இருந்தேன். வந்து பார்த்தா வீடு காலி." அவர் பூனையின் தலையைத் தடவினார். "வீடு அப்படியேதான் இருக்கு. ஆனா காலையில எழுந்தா, வேற யார் வீட்டுலயோ படுத்திருக்கற மாதிரி இருக்கு. அவ இருந்தப்ப இருந்த வாசனை வேணும். வேற எதுவும் வேண்டாம்."

வழக்கமான பதிலைச் சொல்ல மூக்கி வாயெடுத்தாள். அப்போதுதான் மெஷின் பக்கத்தில் இருந்த சின்னத் துணிப்பந்தைப் பார்த்தாள். தைக்கிறவர்கள் ஊசி குத்தி வைப்பார்களே, அது. எடுத்து முகர்ந்தாள். மெஷின் எண்ணெய், முகப்பவுடர், இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் லேசாகத் தீய்ந்த பருத்தி, ஓயாமல் மென்ற கிராம்பு. எல்லாவற்றுக்கும் அடியில், பெயர் சொல்ல முடியாத ஒன்று. இளஞ்சூடாக, லேசான உவர்ப்போடு, ஒரே ஒருத்திக்கு மட்டும் சொந்தமான வாசனை. ஒரு மனுஷியை இவ்வளவு முழுசாக அவள் மூக்கு ஒருபோதும் பார்த்ததில்லை. தன்னால் இதைச் செய்ய முடியும் என்று அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முடியும் என்று தெரிந்த பிறகு வேண்டாம் என்று சொல்வது எத்தனை பேரால் ஆகும்?

துணிப்பந்தையும், அலமாரியில் கிடந்த ஒரு பழைய கம்பளிச் சட்டையையும் வாங்கிக்கொண்டு வந்தாள். பந்தைப் பிரித்து உள்ளிருந்த பஞ்சையும், சட்டையின் கழுத்துப் பட்டையையும் ஸ்பிரிட்டில் ஊறப்போட்டாள். நாளாக ஆகத் துணி வெளுத்தது, ஸ்பிரிட் மங்கலாயிற்று. அதை வடிகட்டி, கிராம்பு எண்ணெயும் பவுடர் வாசனையும் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தாள். ஒரு சாயங்காலம் கலவை கூடிவிட்டது. மூடியைத் திறந்துவைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் வந்து நின்ற அவள் கணவன் செருப்பைக் கழற்றாமல் தயங்கினான். "யாரு வந்திருக்காங்க?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"யாரும் வரலையே."

அவன் எட்டிப் பார்த்தான். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தான். அன்று சாப்பிட்டு முடிக்கும்வரை, விருந்தாளி இருக்கும் வீட்டில் பேசுவதுபோலவே பேசினான். மூக்கிக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் குளிரவும் செய்தது.

கண்ணாடிக்காரர் வீட்டில் கூடத்திலும் படிக்கட்டிலும் தையல் அறையிலும் பீங்கான் கிண்ணங்களில் கலவையை ஊற்றிப் பஞ்சுத் திரி போட்டு வைத்தாள். "இது லேசா இருந்தாத்தான் ஆள் இருக்கற மாதிரி இருக்கும். நெடியாப் போனா கடை மாதிரி ஆயிடும்" என்று சொல்லிக்கொடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்.

அடுத்த தடவை ஊற்றப் போனபோது அவர் முகத்தில் களை வந்திருந்தது. சலவைச் சட்டை போட்டிருந்தார். மூக்கி தையல் அறைக்குப் போனாள். பூனை இப்போது நாற்காலியில் இல்லை. தரையில் உட்கார்ந்து நாற்காலியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. பூனைகள் மடி கேட்கும்போது அப்படித்தான் பார்க்கும். நாற்காலியின் மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது. பூனையின் அமுக்கம் அவ்வளவு பெரிதாக இருக்காது.

கிண்ணத்தின் மேல் குனிந்தவள் அப்படியே நின்றாள். அறையில் புதிதாக ஒரு வாசனை இருந்தது. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு உட்கார்ந்திருக்கும் கூந்தலின் வாசனை. அதை அவள் கலக்கவில்லை.

"ஷாம்பூ ஏதாவது சேர்த்தீங்களா?" என்று கீழே வந்து கேட்டாள்.

"இல்லையே" என்றார் அவர் சிரித்தபடி. "இன்னிக்கு அவ தலைக்குக் குளிக்கிற நாள்."

துக்கத்தில் இருக்கிறவர் பேச்சு என்று அதை ஒதுக்கி வைத்துவிட்டு வந்தாள். ஆனாலும் மறுநாள் பூராவும் அவள் வேலையில் பிசகிக்கொண்டே இருந்தாள். ஒரு தரகர் வீட்டில் காப்பித்தூளைக் கருக்கியேவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை அவள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. திறந்தபோது வாசலில் யாரும் இல்லை என்று நினைத்து மூடப்போனாள். "அக்கா" என்று குரல் வந்த பிறகுதான் எதிரே ஒரு பெண் நிற்பது கண்ணில் பட்டது.

மூக்கிக்கு மனிதர்கள் முதலில் மூக்கில்தான் வருவார்கள், பிறகுதான் கண்ணுக்கு. வெயிலில் பஸ் பிடித்து வந்து வியர்த்து நின்ற அந்தப் பெண்ணிடமிருந்து எதுவும் வரவில்லை. வியர்வை இல்லை, துணி இல்லை, தலைமுடி இல்லை. கழுவிக் கவிழ்த்த கண்ணாடி டம்ளர் எப்படியோ, அப்படி.

"நீங்கதானே கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுக்கு வாசனை வச்சுக் கொடுத்தவங்க?" என்றாள் வந்தவள். "பக்கத்து வீட்டம்மா போன்ல சொன்னாங்க. நான் திரும்பி வந்துட்டேனான்னு கேட்டாங்க. மாடிப்படியில என் வாசனை வருதாம்."

மூக்கி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க..."

"அந்த வீட்டுல தைச்சுக்கிட்டிருந்தவ நான்தான்."

"அவர் நீங்க போயிட்டதா..."

"போயிட்டேன்தான். பக்கத்து ஊர்ல என் அக்கா வீட்டுக்கு."

மூக்கி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். போயிட்டா என்று அவர் சொன்னது பொய்யே இல்லை. அதைச் சாவு என்று எடுத்துக்கொண்டது இவள் காது.

தையல்காரி உள்ளே வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அடிப்பவர் இல்லை, குடிப்பவர் இல்லை. கேட்பவர். எங்கே போறே, ஏன் நேரமாச்சு, யார்கூடப் பேசினே, இப்ப என்ன நினைச்சே. கதவைத் திறந்தாலும் கேள்வி, ஜன்னலைத் திறந்தாலும் கேள்வி. எல்லாம் அன்பாகத்தான். கடைசியில் மூச்சு முட்டி ஒரு நாள் கிளம்பிவிட்டாள். அக்கா வீட்டில் நன்றாகத்தான் இருந்தாள், இந்த ஒன்றிரண்டு மாதம் முன்புவரை.

"முதல்ல அக்கா குழந்தை என்கிட்ட வர மாட்டேன்னுச்சு. முன்னெல்லாம் என் பக்கத்துலதான் தூங்கும். இப்ப இருட்டுல என் கை பட்டா அலறுது. அப்புறம் தெரு நாய். எல்லாரையும் பாத்துக் குரைக்கும், என்னை மட்டும் திரும்பியே பாக்கறதில்லை. வாரக்கணக்கா உடுத்தின துணி இது, மோந்து பாருங்க. கடையிலேர்ந்து இப்பத்தான் எடுத்த மாதிரி இருக்கும். இன்னிக்கு பஸ்ல ஒருத்தர் என் மேலயே உட்கார வந்தார்க்கா. ஆள் இருக்கறது தெரியலைன்னு சொன்னார்." அவள் அழவில்லை. "என் கால் வேற நான் சொல்றதைக் கேக்கறதில்லை. காய் வாங்கப் போனா, இந்த ஊர் பஸ் நிக்கிற இடத்துல போய் நிக்குது."

மூக்கி எழுந்துபோய் மேசையிலிருந்த கலவைப் புட்டியை எடுத்து வந்து திறந்தாள். அறைக்குள் தையல்காரி நிறைந்தாள். நாற்காலியில் இருந்தவள் இன்னும் வெளிறினாள். மூக்கி சட்டென்று மூடியைத் திருகிவிட்டாள்.

இருவரும் அன்றே கண்ணாடிக்காரர் வீட்டுக்குப் போனார்கள். அவர்தான் கதவைத் திறந்தார். மூக்கியைப் பார்த்துப் புன்னகைத்தார். பக்கத்தில் நின்றவளை மரியாதையாகப் பார்த்தார். கூட்டத்தில் யாரையோ பார்ப்பது போன்ற பார்வை.

"இவங்க யாரு?" என்றார்.

"நல்லாப் பாருங்க" என்றாள் மூக்கி. "உங்க மனைவி."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு சங்கடமாகச் சிரித்தார். "என்னம்மா இது விளையாட்டு. அவ மேல இருக்கா."

அதே நேரம் மாடியில் தையல் மெஷின் ஓடத் தொடங்கியது. சீராக, அவசரமில்லாமல், ஒரு நீளத் தையல். வாசலில் நின்ற தையல்காரியின் வலது கால் தானாகவே அந்தத் தாளத்துக்கு மிதித்தது. அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். கண்ணாடிக்காரர், "வேலையா இருக்கா. இன்னொரு நாள் வாங்க" என்று சொல்லிச் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.

"இனிமே நான் ஊத்தலைன்னாலும் பிரயோஜனமில்லை" என்றாள் மூக்கி, தெருமுனை வந்த பிறகு. "சுவர்ல, திரைச்சீலையில, மெத்தையில எல்லாம் ஊறியிருக்கும். கழுவித்தான் எடுக்கணும். வீட்டுச் சாவி இருக்கா?"

தையல்காரி பையைத் திறந்து சாவியை எடுத்துக் காட்டினாள்.

மறுநாள் அவர் கடைக்குக் கிளம்பிய பிறகு, வாளி, வினிகர், சமையல் சோடா, பழந்துணிகளோடு போனார்கள். நல்ல வெயில். தெருவில் காய்காரன் கூவிக்கொண்டு போனான். உள்ளே நுழைந்ததும் மூக்கி எல்லாக் கிண்ணங்களையும் எடுத்துக் கொல்லையில் கொட்டிக் கழுவினாள். கூடத்து ஜன்னல்களைத் திறந்தார்கள். திரைச்சீலைகளைக் கழற்றி ஊறப்போட்டார்கள். சுவரையும் தரையையும் வினிகர் தண்ணீரால் துடைத்தார்கள்.

கூடம் முடிந்தபோது மூக்கி ஒன்றைக் கவனித்தாள். வாசனை அங்கே வெறுமனே குறையவில்லை, ஒரேயடியாக இல்லாமல் போயிருந்தது. ஆனால் படிக்கட்டில் முன்னைவிட இரண்டு மடங்காக இருந்தது. படிகளைத் துடைத்துக்கொண்டே ஏறினார்கள். அது அவர்களுக்கு முன்னால் ஏறியது. படுக்கையறைக்குள் நுழைந்தபோது, யாரோ அப்போதுதான் சுவரோரமாக அவர்களைத் தாண்டிப் போனதுபோல் மூக்கியின் கன்னத்தில் கிராம்பு நெடி பட்டு விலகியது. பூனை அதன் பின்னாலேயே வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. தையல் அறைக் கதவு சாத்திக்கொண்டது.

மூக்கியின் கையில் வாளித் தண்ணீர் அலம்பியது. "நான் போறேன் உள்ள" என்றாள், மனசில்லாமல்.

"நீங்க இருங்கக்கா" என்றாள் தையல்காரி. "என்கிட்டதான் அது பேசும்."

அவள் கதவைத் திறந்து உள்ளே போனாள். கதவு மறுபடி சாத்திக்கொண்டது. மூக்கி நடையில் நின்றாள். வெளியே சைக்கிள் மணிச் சத்தம், யார் வீட்டிலோ குக்கர் விசில். உள்ளே தையல்காரியின் குரல் கேட்டது, என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை. அவள் நிறுத்தினாள். அதே குரல் பதில் சொன்னது. பிறகு இரண்டும் ஒன்றை ஒன்று குறுக்கிட்டன. ஒரு தொண்டையில் இரண்டு பேச்சு வராது என்பதை நினைத்ததும் மூக்கி வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஓடிப்போகலாம் என்றுதான் தோன்றியது. தான் உண்டாக்கியதைத் தானே பாதியில் விட்டு ஓடுவது எப்படி என்று நின்றாள்.

பிறகு ஒரே குரல் இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

கதவு திறந்தது. தையல்காரி நெற்றி முழுக்க வியர்வையோடு வந்தாள். அந்த வியர்வையை மூக்கி முகர்ந்தாள். மெஷின் எண்ணெய், பவுடர், கிராம்பு, அடியில் அந்த உவர்ப்பான இளஞ்சூடு. பூனை அவள் காலைச் சுற்றிச் சுற்றி உரசிக்கொண்டு வந்தது. அவளுக்குப் பின்னால் அறையில் தூசியும் மர நாற்காலியும் மட்டுமே மணத்தன.

"என்ன பேசினீங்க?" என்றாள் மூக்கி.

"கூட வரியான்னு கேட்டேன். முதல்ல மாட்டேன்னா." தையல்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இங்கே அவளை யாரும் எதுவும் கேக்கறதில்லையாம். அவர் பாட்டுக்கு வரார், கீழ உட்கார்றார், போறார். நிம்மதியா இருக்குன்னா."

"அப்புறம் எப்படி?"

"இப்ப அவர் வந்து பார்த்தா கேப்பார், என்கூட இருந்து கேட்டுட்டு முடிவு பண்ணுன்னு சொன்னேன்."

அவள் சொல்லி முடிக்கவும் கீழே வாசல் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. கண்ணாடிக்காரர் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். திறந்த ஜன்னல்களையும் ஈரத் தரையையும் பார்த்துத் திகைத்து நின்றவர், தோளில் பையோடு படியில் இறங்கி வந்தவளை நிமிர்ந்து பார்த்தார். இந்தத் தடவை அடையாளம் தெரிந்தது. அவர் கையிலிருந்த சாவிக்கொத்து நழுவியது.

"நீயா. கீழ எதுக்கு வந்தே?" என்றார். அடுத்து, "அந்தப் பையை எதுக்கு எடுத்தே? எங்க போறே?"

தையல்காரி படியில் ஒரு கணம் நின்றாள். தன் தோளுக்குப் பின்னால் யாரிடமோ, கேட்டியா என்பதுபோல், லேசாகத் தலையைச் சாய்த்தாள். பிறகு இறங்கி அவர் பக்கமாகவே நடந்தாள். வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் சொல்லும் 'போயிட்டு வரேன்' அவள் வாயிலிருந்து வரவில்லை.

"போறேன்" என்றாள்.

அவர் தடுக்கவில்லை. தடுக்கிற ஆள் இல்லை அவர். பூனையைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "எப்ப வருவே? யார்கூடப் போறே? சாப்பிட்டியா?" என்று அவள் தெருத் திரும்பும்வரை கேட்டுக்கொண்டே நின்றார். மூக்கி வாளிகளை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டி வந்தபோது, அவள்மேல் அவர் கோபப்படவில்லை. "வீடு காலியா இருக்கும்மா" என்று மட்டும் சொன்னார். அதற்கு அவளிடம் மருந்து இல்லை.

மிச்சக் கலவையை அன்றே மண்ணைத் தோண்டி ஊற்றி மூடினாள். தையல்காரி அக்கா வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சொந்தமாகக் கடை போட்டாள். குழந்தை மறுபடி அவள் பக்கத்தில் படுக்கிறதாம். எப்போதாவது போனில் பேசுவாள். பேச்சு நடுவே சில சமயம், "என்ன சொன்னே?" என்று வேறு பக்கம் திரும்பிக் கேட்டுவிட்டு, "ஒண்ணுமில்லக்கா, நீங்க சொல்லுங்க" என்பாள். மூக்கி யாரென்று கேட்டதில்லை.

கண்ணாடிக்காரர் அந்த வருஷமே வீட்டை விற்பனைக்குப் போட்டார். தரகர் வழக்கம்போல் மூக்கியைத்தான் கூப்பிட்டார். எந்த வீடு என்று தெரிந்ததும் முடியாது என்று சொல்ல நினைத்தாள். கணவன்தான், "நானும் வரேன் மூக்கி, பட்டப்பகல்ல என்ன பயம்" என்று கூட வந்தான். காப்பித்தூளை வறுத்தாள். மாடிக்குப் போகாமல் கீழேயே நின்றாள். புதுச் சுண்ணாம்பு வாசனையும் காப்பியும் தவிர வேறெதுவும் அவள் மூக்குக்குத் தெரியவில்லை. நிச்சயப்படுத்திக்கொள்ள இரண்டு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

வீடு பார்க்க வந்தவர்கள் புதிதாகக் கல்யாணமான ஜோடி. அந்தப் பெண் துறுதுறுவென்று மாடி முழுவதும் சுற்றிவிட்டு இறங்கி வந்தாள்.

"எல்லாம் பிடிச்சிருக்கு" என்றாள் தரகரிடம். "மேல தரையில ஏதோ மெஷின் இருந்த தடம் தெரியுதே, அந்த ஓரத்து அறைதான் ரொம்ப. யாரோ இப்பத்தான் எழுந்து வெளியே போன மாதிரி ஒரு அமைதி. நாம போய் உட்காரலாம்னு இருக்கு."

தரகர் மூக்கியைப் பார்த்துக் கண்ணால் சபாஷ் சொன்னார். மூக்கி அடுப்பை அணைத்தாள். சட்டி ஆறுவதற்குள் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, கணவன் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.